வெள்ளத்துல மூழ்குற ஊருக்கு மிஷன் டீம் போகலாமா? பங்களாதேஷை வச்சு ஒரு விரிவான பதில்

ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவங்க சர்ச் வாலிபர் கூட்டத்துல இருந்து பங்களாதேஷ்ல வருஷா வருஷம் வெள்ளத்துல மூழ்குற ஆத்தோர கிராமங்களுக்கு ஒரு அவுட்ரீச் டீம் அனுப்பலாம்னு பேச்சு ஓடுதாம், இருபது பேர், பத்து நாள், அரிசி, மருந்து, கூடவே பெங்காலில அடிச்ச சுவிசேஷத் துண்டுப் பிரசுரம், அதான் கைப்பிரதி. வீட்டுல அண்ணன் "சோத்தைக் காட்டி மதம் மாத்துற வேலைடா இது"ன்னு சண்டைக்கு வர்றார், சர்ச்ல பெரியவங்க "இதுதான்பா ஊழியம்"ங்கிறாங்க. ரெண்டுல எது சரி, இந்த மாதிரி ஊர்கள்ல மிஷனரிங்க நெஜமாவே என்ன பண்ணிருக்காங்க, நாங்க போகலாமா வேணாமான்னு கேட்டிருந்தார்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன் தம்பி. உதவி பண்ணுங்க, தாராளமா பண்ணுங்க. ஆனா தண்ணி நிக்கிற நேரத்துல கைப்பிரதியோட போகாதீங்க. இடுப்பளவு தண்ணில பிள்ளைய தோள்ல வச்சுக்கிட்டு நிக்கிற ஒரு ஆள் உங்ககிட்ட "வேணாம்"னு சொல்ல முடியாது, வேணாம்னு சொல்ல முடியாதவன்கிட்ட போய் வேதம் பேசுறது சுவிசேஷம் ஆகாதுங்கிறது என் உறுதியான நம்பிக்கை. நானும் விசுவாசிதான், வடக்கு பங்களாதேஷ்ல குரிகிராம் பக்கம் சர்ச் சார்ந்த ஒரு நிவாரண அமைப்புல வேலை பாத்திருக்கேன், அதனால வெளிய நின்னு கல்லெறியுறதா நினைக்காதீங்க.

மொதல்ல அந்த வெள்ளம் எப்படிப்பட்டதுன்னு புரிஞ்சுக்கணும். பிரம்மபுத்ரா, கங்கை, மேக்னா மூணும் சேந்து கடல்ல விழுற டெல்டா அது. சாதாரண வருஷத்துலயே நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு நிலம் தண்ணிக்குள்ள போயிடும், அதுல வண்டல் படியும், நெல்லுக்கு நல்லது, ஜனங்களும் அதுக்கு ஏத்த மாதிரிதான் வீடு கட்டி பயிர் வச்சு வாழ்றாங்க. பிரம்மபுத்ரா ஜூலை ஆகஸ்ட்ல உச்சத்துக்கு வரும், கங்கை ஆகஸ்ட் செப்டம்பர்ல, ரெண்டும் ஒண்ணா உச்சத்துக்கு வந்துட்டா தாங்காது, 1988லயும் 1998லயும் அப்படித்தான் நாட்டுல பாதிக்கு மேல தண்ணிக்குள்ள கிடந்துச்சு, 1998ல ரெண்டு மாசம் தாண்டியும் வடியல. ஆனா குரிகிராம் மாதிரி இடத்துல வெள்ளத்தை விட பெரிய எதிரி கரை அரிப்பு. ஆத்துக்கு நடுவுல இருக்குற மணல்திட்டுலதான் நிலமில்லாதவங்க குடியிருப்பாங்க, அந்தத் திட்டையே ஆறு கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டுப் போயிடும். வெள்ளம் வடிஞ்சா வயல் திரும்பக் கிடைக்கும், அரிப்புல போனா வயலும் இல்ல, பட்டாவுக்கும் அர்த்தம் இல்ல.

அந்தத் திட்டுல வாழ்ற பொம்பளைங்க வெள்ளத்துக்குத் தயாராகுற விதத்தைப் பாத்தா நமக்குத்தான் அவங்க பாடம் எடுக்கணும்னு தோணும். கோடைலயே களிமண்ணுல ஒரு சின்ன அடுப்பு செஞ்சு காயவச்சு வச்சுடுவாங்க, தூக்கிட்டுப் போற மாதிரி, தண்ணி வீட்டுக்குள்ள வந்ததும் அதைக் கட்டில் மேலயோ படகுலயோ வச்சு சமைக்கலாம். சணல் குச்சியில சாணியைப் பிடிச்சு வெயில்ல காயவச்சு கூரைக்கு அடியில கட்டுக் கட்டா சொருகி வைப்பாங்க, அதுதான் விறகு. கரை அரிக்க ஆரம்பிச்சா வீட்டைக் கழட்டுவாங்க, ஒரு வீட்டுக்காரர் தகரத்துல இருந்து கழட்டுன ஒவ்வொரு ஆணியையும் பால்பவுடர் டப்பால போட்டு மூடி, அந்த டப்பாவை சம்சாரம் மடியில குடுத்துட்டுத்தான் தகரத்தைப் படகுல ஏத்தினார். அடுத்த திட்டுல வீடு நிக்கணும்னா அந்த ஆணி வேணும். இவங்களைப் போய் ஒண்ணும் தெரியாத பாவப்பட்ட ஜனம்னு நினைச்சுக்கிட்டு நாம கப்பல் ஏறினா ஆரம்பமே தப்பாயிடும்.

இப்ப மிஷனரிங்க கதைக்கு வருவோம். இங்கிலாந்து பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி 1793ல கல்கத்தா வந்து இறங்கினார், மால்டா பக்கம் முட்னாபாட்டில அவுரிச் சாயத் தொழிற்சாலை மேனேஜரா வேலை பாத்துக்கிட்டே பெங்காலி கத்துக்கிட்டார், 1800ல டேனிஷ்காரங்க கைல இருந்த செராம்பூருக்குப் போனார், அந்த வருஷ கடைசிலதான் கிருஷ்ண பால்ங்கிற தச்சர் ஞானஸ்நானம் வாங்கினார், அதுதான் முதல். ஏழு வருஷம். கிருஷ்ண பாலோட இறங்கிப்போன கையைச் சரி பண்ணினது கூட வேலை பாத்த டாக்டர் தாமஸ். கேரி கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதை விட்டுடலாம். நம்ம சர்ச்கள்ல யாருமே பேசாத ஒரு கதை இருக்கு, அதைத்தான் நான் விரிவா சொல்லணும்னு நினைக்கிறேன்.

தெற்கு வங்காளத்துல ஃபரித்பூர், பாரிசால், குல்னா, ஜெசோர் ஜில்லாக்கள்ல வருஷத்துல பாதி நாள் தண்ணி நிக்கிற பெரிய பெரிய சதுப்பு நிலங்கள் உண்டு. மேல்சாதிக்காரங்க குடியிருக்க விரும்பாத அந்தத் தண்ணிக்காட்டை வெட்டி மேடாக்கி நெல்லு போட்டு மீன் பிடிச்சு படகு ஓட்டி வாழ்ந்தவங்க நமசூத்ரர்கள். அவங்களை அப்ப சண்டாளர்னுதான் கூப்பிட்டாங்க, அரசாங்க சென்சஸ்லயும் அதே பேரைத்தான் எழுதினாங்க. அந்த ஜனத்துக்குள்ள இருந்து ஹரிசந்த் தாகூர்னு ஒருத்தர், 1812ல பிறந்தவர், மதுவாங்கிற பக்தி இயக்கத்தை ஆரம்பிச்சார். சாதி கிடையாது, பிராமணர் தேவையில்ல, கையில வேலை வாயில நாமம், அவ்வளவுதான். (கவிஞர் தாகூர் குடும்பத்துக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்ல.) அவருக்கு அப்புறம் மகன் குருசந்த் தாகூர் தலைவரானார், அவருக்கு ஒரே வெறி படிப்பு. சாப்பாடு இல்லாட்டியும் பிள்ளைய படிக்க வைங்கன்னு ஊர் ஊரா சொன்னவர். ஆனா பள்ளிக்கூடம் கட்ட காசும் இல்ல, அரசாங்கத்துல பேச ஆளும் இல்ல.

அந்த நேரத்துலதான் ஆஸ்திரேலிய பாப்டிஸ்ட் மிஷன் டாக்டர் சி.எஸ். மீட் வந்து சேர்றார். ஃபரித்பூர்ல அந்த மிஷன் 1882லயே வேலை ஆரம்பிச்சாச்சு, முதல்ல வந்தவங்க எலன் ஆர்னால்ட், மேரி கில்பர்ட்னு ரெண்டு பொம்பளைங்க. மீட் 1900களோட தொடக்கத்துல ஒராகாந்திங்கிற குருசந்தோட ஊருக்கே குடிவந்துட்டார், குருசந்தே இடம் குடுத்தார். வைத்தியம் பாத்தார், பள்ளிக்கூடத்தை உயர்நிலைப் பள்ளியா ஆக்குறதுக்கு நின்னார், கவர்னர் வரைக்கும் போய் இந்த ஜனத்துக்காகப் பேசினார். 1911 சென்சஸ்ல சண்டாளர்ங்கிற பேர் போய் நமசூத்ரர்னு பதிவாச்சு, அதுக்குப் பின்னால அந்த ஜனத்தோட பல வருஷ போராட்டம் இருக்கு, மீட் கையும் அதுல உண்டு. குருசந்தோட மகனே சப்ரிஜிஸ்ட்ரார் ஆனார், நேத்து வரைக்கும் அரசாங்க ஆபீஸ் வாசல்ல கூட நிக்க விடாத ஜனத்துல இருந்து.

இப்ப முக்கியமான இடம். மிஷன்காரங்களுக்கு ஆசை இருந்துச்சு, குருசந்த் ஒருத்தர் ஞானஸ்நானம் வாங்கினா லட்சக்கணக்குல ஜனம் பின்னாலயே வரும்னு. அதுல ஒளிவு மறைவு இல்ல, குருசந்துக்கும் அது நல்லாவே தெரியும். அவர் மாறல. கடைசி வரைக்கும் மதுவாவாவே இருந்து 1937ல இறந்தார். பள்ளிக்கூடம் நின்னுச்சு, வைத்தியமும் நடந்துச்சு. ஒராகாந்தி இன்னைக்கும் மதுவாக்களோட புண்ணிய ஸ்தலம், 2021 மார்ச்ல இந்தியப் பிரதமர் போய் கும்பிட்டுட்டு வந்த ஊர் அதுதான். மீட் பண்ணின ஊழியம் தோத்துப் போச்சுன்னு சில பேர் சொல்வாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். குருசந்த் கையேந்தி நின்னவர் இல்ல, தன் ஜனத்துக்கு என்ன வேணும்னு தெரிஞ்சவர், மீட்கிட்ட எதை வாங்கலாம் எதை வேணாம்னு சொல்லலாம்னு யோசிச்சு முடிவெடுத்தவர். மீட்டும் அந்த "வேணாம்"ஐ கேட்டுட்டு மூட்டை கட்டல. ரெண்டு பேரும் சரிக்குச் சரியா உக்காந்து பேசின ஒரு உறவு அது, வெள்ளக்காரன் ஆட்சிக் காலத்துல ஒரு சதுப்பு நிலத்துல. உங்க அண்ணனுக்கும் இதைச் சொல்லுங்க, சர்ச் பெரியவங்களுக்கும் சொல்லுங்க.

அடுத்தது 1970 நவம்பர் 12. ராத்திரி, கடல் ஏத்தம் இருந்த நேரமாப் பாத்து புயல் வந்து போலா, மன்புரா, ஹதியா தீவுகள் மேல கடலே ஏறிடுச்சு. மூணு லட்சத்துல இருந்து அஞ்சு லட்சம் பேர் வரைக்கும் செத்திருப்பாங்கன்னு கணக்கு. அப்ப அது கிழக்கு பாகிஸ்தான், மேற்கு பாகிஸ்தான்ல இருந்த அரசாங்கம் மெத்தனமா இருந்துச்சு, அந்தக் கோபம் அடுத்த மாச தேர்தல்லயே தெரிஞ்சுச்சு, அதுக்கடுத்த வருஷம் பங்களாதேஷ் பிரிஞ்ச போர். அந்த மன்புரா தீவுக்கு நிவாரண வேலைக்குப் போனவர் ஃபாதர் ரிச்சர்ட் டிம், ஹோலி கிராஸ் சபை, டாக்கா நோட்ர் டேம் காலேஜ்ல பயாலஜி சொல்லிக்குடுத்தவர், மண்ணுல இருக்குற நூற்புழுக்கள் ஆராய்ச்சில உலகப் பேர் வாங்கினவர். அதே தீவுல அதே சமயம் வேலை பாத்தவங்கள்ல ஒருத்தர் அப்ப சிட்டகாங்ல ஷெல் கம்பெனி அதிகாரியா இருந்த ஃபஸ்லே ஹசன் ஆபித். 1972ல அவர் ஆரம்பிச்சதுதான் பிராக், இன்னைக்கு உலகத்துலயே பெரிய தொண்டு நிறுவனங்கள்ல ஒண்ணு. ஒரு கத்தோலிக்க பாதிரியாரும் ஒரு முஸ்லிம் அதிகாரியும் பிணம் ஒதுங்கின கரையில ஒரே வேலையைப் பாத்திருக்காங்க. டிம் அதோட நிறுத்தல, 1974ல நீதி சமாதான கமிஷன் பொறுப்பு எடுத்து ஆதிவாசி நில உரிமை, கார்மென்ட் தொழிலாளிகள்னு கடைசி வரைக்கும் பேசினார், 1987ல மகசேசே விருது குடுத்தாங்க, 2020ல 97 வயசுல இறந்தார்.

அந்தப் புயலும் போரும்தான் இப்ப இருக்குற பெரிய கிறிஸ்தவ அமைப்புகளை உருவாக்குச்சு. கத்தோலிக்க சபையோட தொண்டு அமைப்பான காரிதாஸ் அங்க 1967ல சின்னதா ஆரம்பிச்சது, புயலுக்கு அப்புறம்தான் பெருசாச்சு. 1971ல ஒரு கோடி பேர் இந்தியாவுக்கு அகதியா வந்தப்போ கூச்பெஹார்ல லூதரன்காரங்க ஓலாவ் ஹோட்னேங்கிற நார்வே மிஷனரி தலைமையில முகாம் வேலை பாத்தாங்க, போர் முடிஞ்சு ஜனம் திரும்பிப் போனதும் இவங்களும் கூடவே போய் ரங்பூர் தினாஜ்பூர்ல வேலையைத் தொடங்கினாங்க, ஆர்டிஆர்எஸ்னு பேர். ரங்பூர் பக்கம் ஆவணி நடவு முடிஞ்சு அறுவடைக்கு முன்னால செப்டம்பர் நடுவுல இருந்து நவம்பர் வரைக்கும் கூலி வேலையே இருக்காது, அதுக்கு மோங்கான்னு சொல்வாங்க, வெள்ளம் போன பிறகு வர்ற பசிக்காலம். 1974 பஞ்சத்துல அதிகம் அடிபட்டதும் அந்தப் பக்கம்தான்.

ஆர்டிஆர்எஸ்ல இருந்த குன்னர் பார்னஸ்ங்கிற நார்வே இன்ஜினியர் 1970களோட கடைசில ஒரு மிதி பம்பு உருவாக்கினார். ரெண்டு மூங்கில் கட்டை, ரெண்டு சிலிண்டர், ஒரு ஆள் மேல ஏறி நின்னு மாறி மாறி மிதிச்சா நிலத்தடி தண்ணி கொட்டும், டீசல் வேணாம், உள்ளூர் பட்டறைலயே செய்யலாம். யோசிச்சுப் பாருங்க, ஜூலைல வீட்டை மூழ்கடிச்ச அதே தண்ணி ஜனவரில பதினஞ்சு இருபது அடி ஆழத்துல சும்மா கிடக்கு, பெரிய பம்புசெட் வாங்க முடியாதவனுக்கு அது கண்ணுக்குத் தெரிஞ்ச சொத்து, கைக்கு எட்டல. இந்தப் பம்பு வந்ததும் அரை ஏக்கர்காரன் கூட கோடை நெல்லும் காய்கறியும் போட ஆரம்பிச்சான். பிறகு மத்த அமைப்புகளும் கடைக்காரங்களும் எடுத்து வித்து பத்து லட்சத்துக்கும் மேல பரவுச்சு. அதுல எந்த வசனமும் எழுதல. 1997ல அந்த அமைப்பே உள்ளூர்க்காரங்க நடத்துற அமைப்பா மாறிடுச்சு. நவகாளி பக்கம் மெனோனைட் சபைக்காரங்க 1970 புயலுக்கு அப்புறம் வந்து விவசாயத்துல இறங்கினாங்க, சோயாவை அறிமுகப்படுத்தினதுல அவங்க பங்கு பெருசு, இன்னைக்கு பக்கத்து லட்சுமிபூர் ஜில்லா சோயாவுக்கே பேர் போனது.

இனி உங்க அண்ணனோட குற்றச்சாட்டு. சோத்தைக் காட்டி மதம் மாத்துறது நடந்தே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், அது பொய். பஞ்ச காலத்துல பேர் குடுத்துட்டு மழை பெஞ்சதும் காணாம போனவங்களைப் பத்தி பழைய மிஷனரிங்களே வருத்தப்பட்டிருக்காங்க. ஆனா பங்களாதேஷை வச்சுப் பாருங்க, அம்பது வருஷமா கிறிஸ்தவ அமைப்புகள் அவ்வளவு வேலை பாத்த நாட்டுல 2022 சென்சஸ்படி கிறிஸ்தவங்க 0.30 சதவீதம். நூத்துல ஒருத்தர் கூட இல்ல. அங்க கிறிஸ்தவங்களா ஆனவங்கள்ல பெரும்பாலும் காரோ, சந்தால் மாதிரி பழங்குடிகளும் நமசூத்ரர்கள்ல ஒரு பகுதியும்தான், அவங்க மாறினதுக்குப் பின்னால படிப்பு, மானம், ஜமீன்தார்கிட்டயும் வட்டிக்காரன்கிட்டயும் இருந்து தப்பிக்க ஒரு துணைன்னு பல காரணம் இருந்துச்சு, குடும்பம் குடும்பமா, ஊரா உக்காந்து பேசி எடுத்த முடிவுகள் அவை. ஒரு மூட்டை அரிசிக்கு மாறிட்டாங்கன்னு சொல்றது அந்த ஜனத்தை ரொம்ப கேவலமா நினைக்கிற பேச்சு. அண்ணன்கிட்ட இதை மரியாதையா சொல்லுங்க.

ஆனா சர்ச் பெரியவங்களுக்கும் நான் சொல்ல வேண்டியது இருக்கு, இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம். வெளிய இருந்து போற டீம் பத்து நாள்ல திரும்பிடும், அங்க இருக்குற 0.30 சதவீதம் எங்க போகும்? நான் பாத்த ஒண்ணு சொல்றேன். ஒரு வெளிநாட்டு டீம் (பேர் வேணாம்) வெள்ள நேரத்துல படகுல வந்து அரிசிப் பையோட ஒரு கைப்பிரதியும் வச்சுக் குடுத்துட்டுப் போச்சு, வரிசைல நின்னவங்களை ஜெபம் பண்ண வச்சு போட்டோவும் எடுத்தாங்க. அவங்களுக்கு மொழிபெயர்த்தவர் உள்ளூர் உபதேசியார், அந்த ஊர் சபையைப் பாத்துக்குற ஊழியர். டீம் போன அடுத்த வாரம் ஊர்ப் பஞ்சாயத்துல அவரைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க, யாரும் அடிக்கல, ஆனா கடைல கடன் நின்னு போச்சு, பிள்ளைங்களோட பேசுறதை மத்த பிள்ளைங்க விட்டுட்டாங்க, முப்பது வருஷமா சம்பாதிச்ச நல்ல பேர் போச்சு. அரிசி வாங்கின முஸ்லிம் குடும்பங்களுக்கும் நிம்மதி இல்ல, நீ என்னத்துக்கு அவங்க ஜெபத்துல நின்னன்னு சொந்தக்காரங்களே கேட்டாங்க. அந்தப் பொம்பளைங்க நின்னது பிள்ளைக்கு சோறு வேணும்னு. அந்தப் போட்டோ எங்கயோ ஒரு சர்ச்ல ஸ்க்ரீன்ல ஓடியிருக்கும், "ஆத்தும ஆதாயம்"னு. நினைச்சாலே எனக்குக் கோபம் அடங்க மாட்டேங்குது.

இது சின்ன விஷயம் இல்ல. அதே சதுப்பு நிலப்பகுதில கோபால்கஞ்ச் பக்கம் பனியார்சர்ங்கிற ஊர்ல 2001 ஜூன் 3 ஞாயித்துக்கிழமை கத்தோலிக்க சர்ச்ல பூசை நேரத்துல குண்டு வெடிச்சு 10 பேர் செத்தாங்க. அதுக்கும் இந்த மாதிரி டீம்களுக்கும் முடிச்சுப் போடல நான். அந்த நாட்டுல சிறுபான்மையா இருக்குறது எவ்வளவு பாரமானதுன்னு தெரிஞ்சுக்கிட்டு நடந்துக்கணும், அவ்வளவுதான். அங்க இருக்குற கிறிஸ்தவங்களும் அதே வெள்ளத்துல மூழ்குற அதே ஏழைங்க, அவங்களுக்கு நம்மளால பலம் வரணும், பழி வரக்கூடாது.

இந்த எல்லையெல்லாம் நான் கண்டுபிடிச்சது இல்ல. 1994ல செஞ்சிலுவைச் சங்கமும் பெரிய நிவாரண அமைப்புகளும் சேந்து ஒரு நடத்தை விதி கொண்டு வந்தாங்க, உதவியை எந்த அரசியல், மதக் கருத்தையும் வளக்குறதுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. அதை எழுதின கூட்டத்துலயே காரிதாஸ், லூதரன் உலக ஐக்கியம், உலக சபைகள் மாமன்றம் எல்லாம் இருந்தாங்க. அதாவது சர்ச்களே உக்காந்து தங்களுக்குப் போட்டுக்கிட்ட கோடு அது. அங்க சட்டமும் இருக்கு, வெளிநாட்டுக் காசுல தொண்டு வேலை செய்யணும்னா என்ஜிஓ விவகார பீரோல அனுமதி வாங்கணும், டூரிஸ்ட் விசால போய் மூட்டை பிரிச்சுக் குடுத்துட்டு வரலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மாட்டிக்கிறது உள்ளூர்க்காரங்கதான்.

அப்ப இயேசுவைப் பத்தி பேசவே கூடாதான்னு கேப்பீங்க. பேசலாம். தண்ணி வடிஞ்சு, வீடு நின்னு, நெல்லு வீட்டுக்கு வந்து, அந்த மனுஷன் தன் திண்ணைல உங்களை உக்கார வச்சு டீ குடுத்து "நீங்க ஏன் இங்க வந்தீங்க"ன்னு அவரா கேக்குறப்போ பேசலாம், மறைக்க வேண்டியது இல்ல, மறைச்சா அதுவும் ஏமாத்துதான். அப்ப அவர் சரின்னும் சொல்லலாம், சிரிச்சுட்டு பேச்சையும் மாத்தலாம், உங்களை வீட்டை விட்டு அனுப்பவும் செய்யலாம். அந்த சுதந்திரம் அவருக்கு இருக்கணும். குரிகிராம்ல எங்க லிஸ்ட்டை ஊர் இமாம், பள்ளிக்கூட வாத்தியார், யூனியன் மெம்பர் (நம்ம ஊர் பஞ்சாயத்து மெம்பர் மாதிரி) மூணு பேரோட உக்காந்துதான் போடுவோம். எந்த வீட்டுல கர்ப்பிணி இருக்கா, யாரு புருஷன் டாக்கால ரிக்ஷா ஓட்டப் போயிருக்காருன்னு இமாமுக்குத் தெரியுற அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது. வெள்ள எச்சரிக்கை வந்தா மசூதி மைக்லதான் சொல்லுவாங்க. என் விசுவாசம் அதனால ஒரு துளி குறையல.

தங்கி இருக்குறதைப் பத்தி ஒரு பேர் சொல்லணும், ஃபாதர் மரினோ ரிகோன். இத்தாலிக்காரர், 1953ல வந்தார், சுந்தரவனத்தை ஒட்டின மோங்லா பக்கம் ஷேலாபுனியாதான் அவர் ஊர். புயலும் உப்புத்தண்ணியும் விடாம அடிக்கிற இடம் அது, சுத்தி எங்க பாத்தாலும் தண்ணி, குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணிக்கு பொம்பளைங்க மைல் கணக்குல நடக்கணும். பள்ளிக்கூடம் கட்டினார், பொம்பளைங்களுக்கு தையல் சென்டர் வச்சு அவங்க போட்ட எம்ப்ராய்டரியை இத்தாலில கண்காட்சி வச்சார், 1971 போர்ல அடிபட்டவங்களுக்கு அடைக்கலம் குடுத்தார், தாகூர் கவிதைகளையும் லாலன்ங்கிற வங்காள ஞானியோட பாட்டுகளையும் இத்தாலியன்ல மொழிபெயர்த்தார். கவனிங்க, அவர் அந்த ஜனத்துக்கிட்ட குடுக்க மட்டும் வரல, அவங்ககிட்ட இருந்து வாங்கி தன் நாட்டுக்குக் கொண்டு போனார். பங்களாதேஷ் குடியுரிமை குடுத்துச்சு. 2017ல இத்தாலில இறந்தார், அவர் ஆசைப்படி 2018ல உடம்பைக் கொண்டு வந்து ஷேலாபுனியாலயே அடக்கம் பண்ணினாங்க.

நம்ம ஆளும் ஒருத்தர் இதை எப்பவோ சொல்லிட்டார். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளைல பிறந்த வி.எஸ். அசரியா. 1905ல நேஷனல் மிஷனரி சொசைட்டியை ஆரம்பிச்சவங்கள்ல அவர் முக்கியமானவர், அது ஆரம்பிச்சதே செராம்பூர்ல, கேரி இருந்த இடத்துலதான். 1910ல எடின்பரோல நடந்த உலக மிஷனரி மாநாட்டுல அத்தனை வெள்ளைக்கார மிஷனரிங்க முன்னால நின்னு, ஏழைகளுக்கு உங்க பொருளைக் குடுத்தீங்க, உடம்பையும் குடுத்தீங்க, எங்களுக்கு அன்பும் வேணும், நண்பர்களைக் குடுங்கன்னு கேட்டார். இப்ப நாம இன்னொரு நாட்டுக்குப் போறப்போ அந்த மேடைல அவருக்கு எதிர்ல உக்காந்திருந்தவங்க இடத்துல நாம இருக்கோம்.

சரி, செய்ய வேண்டியது. இருபது பேர் பிளைட் டிக்கெட் காசை அப்படியே எடுத்து வச்சுடுங்க, அதுதான் முதல் உதவி. அங்க வேரூன்றின, அனுமதி உள்ள உள்ளூர் அமைப்பு ஒண்ணைப் பிடிங்க, சர்ச் அமைப்பா இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி, காசை முறையான வழில அனுப்புங்க, இந்தியாவுல இருந்து அனுப்புறதுக்கும் விதி உண்டு, ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க. தண்ணி நிக்கிறப்போ தேவைப்படுறது அவல், வெல்லம், பொரி, தீப்பெட்டி, தண்ணி சுத்தம் பண்ற மாத்திரை, ஓஆர்எஸ், பாலிதீன் ஷீட், மாட்டுத் தீவனம். தீவனம்னதும் சிரிக்காதீங்க, மாட்டை விட்டுட்டு வர முடியாமதான் பல குடும்பம் மூழ்குற வீட்டை விட்டு வர மாட்டேங்குது, தீவனம் இல்லாட்டி அந்த மாட்டை பாதி விலைக்கு வித்துடுவாங்க, அப்புறம் வட்டிக்காரன்தான். பொம்பளைங்களுக்கு மறைவான கக்கூஸும் துணியும் கட்டாயம், வெள்ளத்துல இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்குற கொடுமை அவங்களுக்கு மட்டும்தான். பழைய துணி மூட்டை அனுப்பாதீங்க.

வடிஞ்ச உடனே நெல் நாத்து. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்துக்குள்ள நாத்து கைக்கு வந்தா அந்த வருஷ ஆமன் நெல்லு, அதாவது மழைக்காலத்துல நடுற நெல்லு, தப்பிக்கும், அதுக்கப்புறம் பத்து மூட்டை அரிசி குடுத்தாலும் அதுக்கு ஈடாகாது. மேட்டு நிலத்துல முன்கூட்டியே நாத்தங்கால் போட்டு வைக்க காசு குடுங்க, ஜூலைலயே அனுப்பினாதான் நடக்கும். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வீட்டு மனையை மண்ணடிச்சு உயர்த்துற வேலை நடக்கும், போன வெள்ளத்தோட உயரத்தைக் குறிச்சு வச்சு அதுக்கு மேல ரெண்டடி, அந்தக் கூலியும் அதே ஊர்ப் பொம்பளைங்களுக்கே போகும், குழாயும் கக்கூஸும் அந்த மேட்டுமேலயே வரும்.

போய்ப் பாக்கணும்னு ஆசையா இருந்தா ஜனவரில போங்க, ரெண்டு பேர் போதும், கைல ஒண்ணும் கொண்டு போகாதீங்க, உள்ளூர் சபையில தங்குங்க, அவங்க கூட ஞாயித்துக்கிழமை பாடுங்க, மத்த நாள்ல மண் சுமக்குற இடத்துல நில்லுங்க. அதுக்கு முன்னால சர்ச் கமிட்டில ஒரு கேள்வி கேளுங்க, இந்தக் காணிக்கை இந்த வருஷம் மட்டுமா, இல்ல அஞ்சு வருஷத்துக்கு எழுதி வைக்கத் தயாரான்னு. அஞ்சு வருஷம்னு சொன்னா ஆரம்பிக்கலாம், உள்ளூர் அமைப்புக்கு அதைச் சொன்னாத்தான் அவங்களும் எந்தத் திட்டுல எத்தனை மனை உயர்த்தலாம்னு பிளான் போடுவாங்க.